பகைவர் புகுந்த நகரம்: போர் த்ரில்லர் வாசகர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஒரு நகரத்தை எதிரிப் படை சூழ்கிறது, உள்ளே நுழைகிறது, தெருத்தெருவாகச் சண்டை நடக்கிறது. இந்த வகை நாவல்களைப் பற்றி வாசகர்கள் மீண்டும் மீண்டும் எழுப்பும் புகார்களும் சந்தேகங்களும் இங்கே உள்ளன. கதை கற்பனையாக இருக்கலாம், ஆனால் முற்றுகைக்கு ஆளான நகரங்கள் நிஜம். ஆகவே பதில்களை அந்த நகரங்களில் நடந்தவற்றோடு உரசிப் பார்த்தே சொல்கிறோம்.

ஒரே நாவலுக்கு ஒருவர் 5 நட்சத்திரம் தருகிறார், இன்னொருவர் 1 தருகிறார். யாரை நம்புவது?

இருவரையும் விட்டுவிட்டு 3 நட்சத்திரக்காரரைப் படியுங்கள். இந்த வகையில் 5 தருபவர் பெரும்பாலும் ஆயுதப் பிரியர், அல்லது அந்த எழுத்தாளரின் நிரந்தர ரசிகர். 1 தருபவர் பெரும்பாலும் அரசியலில் கோபப்பட்டவர், இல்லையென்றால் முப்பதாம் பக்கத்தில் மூடி வைத்தவர். நடுவில் இருப்பவர்தான் எது வேலை செய்தது, எங்கே தொய்ந்தது என்று பிரித்துச் சொல்வார்.

தளத்துக்குத் தளம் நட்சத்திரத்தின் பொருளும் மாறும். குட்ரீட்ஸில் 3 என்றால் ‘பிடித்திருந்தது’, 2 என்றால் ‘பரவாயில்லை’. கடைத் தளங்களில் அதே 3 ‘சுமார்’ ஆகிவிடுகிறது. எனவே இரண்டு தளங்களின் சராசரியைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பயனில்லை.

முதல் நூறு பக்கம் நகரவே இல்லை என்கிறார்கள். விட்டுவிடலாமா?

அந்த நூறு பக்கத்தில் எது நிரம்பியிருக்கிறது என்று பாருங்கள். அமைச்சரவைக் கூட்டமும் உளவுத்துறை அறிக்கையும் மட்டும் என்றால் தாராளமாகத் தாவலாம். நகரம் காட்டப்படுகிறது என்றால், அதாவது எந்தப் பாலம் எங்கே, நீரேற்று நிலையம் எந்தக் கரையில், மருத்துவமனைக்கு எத்தனை வழி என்று போகிறது என்றால் பொறுமையாகப் படியுங்கள். பின்னால் வரும் சண்டைக்கான சதுரங்கப் பலகை அதுதான். கிண்டில் மாதிரிப் பகுதியில் ஏறத்தாழ முதல் பத்து சதவீதம் இலவசமாகக் கிடைக்கும், இதைத் தீர்மானிக்க அது போதும்.

டாங்கி எதிரே நிற்கிறது, மேல்மாடியில் இருக்கும் ஆளைச் சுட முடியவில்லை என்று கதையில் வருகிறது. எழுத்தாளர் ரீல் விடுகிறாரா?

இல்லை. வாசகர்கள் அதிகம் சந்தேகப்படும் இடம் இது, அதிகம் சரியாக இருக்கும் இடமும் இதுதான்.

டி-72 டாங்கியின் பீரங்கிக் குழாயை மேல்நோக்கி ஏறத்தாழ 14 பாகை (டிகிரி) வரைதான் உயர்த்த முடியும், கீழ்நோக்கி ஏறத்தாழ 6 பாகைதான் தாழ்த்த முடியும். திறந்த வெளியில் எதிரி டாங்கியோடு மோதுவதற்கென்று வடிவமைத்தது, மாடி வீடுகளை மனதில் வைத்தல்ல. குழாய் தரையிலிருந்து சுமார் 1.7 மீட்டர் உயரத்தில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். கட்டடத்திலிருந்து 20 மீட்டரில் டாங்கி நின்றால், குண்டு எட்டும் அதிகபட்ச உயரம் 6.7 மீட்டர். தளத்துக்கு 3 மீட்டர் என்றால் இரண்டாம் மாடியின் தரையைத் தொட்டதோடு சரி. ஐந்தாம் மாடி ஜன்னலைச் சுட வேண்டுமென்றால் சுமார் 60 மீட்டர் பின்னுக்குப் போக வேண்டும். தெருவே 20, 25 மீட்டர் அகலம்தான் என்னும்போது பின்னுக்குப் போக இடம் ஏது? கீழேயும் இதே கதிதான். 16 மீட்டருக்குள் இருக்கும் தரைமட்ட நிலவறை ஜன்னல் அதன் கண்ணில் படாத மூலை. மேலிருந்து பார்ப்பவனுக்கோ டாங்கியின் மிக மெல்லிய கவசமான கூரை தட்டில் வைத்ததுபோல் தெரியும்.

1994 டிசம்பர் 31 அன்று செச்சென்யத் தலைநகர் குரோஸ்னிக்குள் ரஷ்யாவின் 131ஆவது மைகோப் படையணி இப்படித்தான் நுழைந்து ரயில் நிலையத்தருகே சிக்கியது. செச்சென்யர்கள் மூன்று நான்கு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்தார்கள். ஆர்பிஜி (தோளில் வைத்து ஏவும் டாங்கி எதிர்ப்பு ராக்கெட்) ஏந்தியவர் ஒருவர், இயந்திரத் துப்பாக்கிக்காரர் ஒருவர், ஸ்னைப்பர் ஒருவர் என்ற கணக்கு. வரிசையின் முதல் வண்டியையும் கடைசி வண்டியையும் முதலில் அடித்தால் நடுவில் இருப்பவை நகர முடியாது. பிறகு நிலவறையிலிருந்தும் மேல்மாடியிலிருந்தும் ஒரே வண்டிக்குப் பல குண்டுகள். அந்தப் படையணி தன் வண்டிகளில் பெரும்பாலானவற்றை இழந்தது. அதன் பிறகுதான் விமான எதிர்ப்பு வண்டியான ஷில்காவை ரஷ்யர்கள் டாங்கி வரிசையோடு அனுப்பினார்கள். அதன் நான்கு குழாய்களும் ஏறத்தாழ செங்குத்தாக நிமிரும்.

ஒரு எச்சரிக்கை: நாவலில் வரும் வண்டி பிஎம்பி-2, அதாவது காலாட்படையை ஏற்றிச் செல்லும் கவச வண்டி என்றால் இந்த வாதம் செல்லாது. அதன் 30 மிமீ பீரங்கி 70 பாகைக்கு மேல் நிமிரும். எல்லாக் கவச வாகனத்தையும் ‘டாங்கி’ என்று எழுதும் நாவலாசிரியர் சறுக்குவது இங்கேதான்.

விமானமும் பீரங்கியும் இருக்கிற படை ஒரு நகரத்தைப் பிடிக்க மாதக்கணக்கில் திணறுவது நம்பும்படி இல்லையே?

இடித்துத் தள்ளினால் சுலபம் என்று தோன்றும். 1942 ஆகஸ்ட் 23 அன்று ஸ்டாலின்கிராடு மீது ஜெர்மன் விமானங்கள் கொட்டிய குண்டுகள் நகரத்தை இடிபாடாக்கின. அந்த இடிபாடே பிறகு தற்காத்தவர்களுக்கு அரணானது. நின்ற வீட்டில் வாசல் எங்கே என்று வெளியிலிருந்தே தெரியும். இடிந்த வீட்டில் எந்தச் சந்தில் ஆள் இருக்கிறான் என்று யாருக்கும் தெரியாது, வண்டியும் ஏறாது. நகரத்தைக் காத்த சோவியத் தளபதி சுய்கோவின் 62ஆவது ராணுவம் எதிரியைக் கையெறி குண்டு தொலைவிலேயே ஒட்டிக்கொண்டு நின்றது. அவ்வளவு நெருக்கத்தில் குண்டு போட்டால் தன் ஆட்கள்மேலும் விழும் என்று விமானிகள் தயங்கினார்கள்.

ஆள் கணக்கும் உண்டு. தாக்குபவருக்கு மூன்று மடங்கு பலம் வேண்டும் என்பது பழைய விதி, நகரத்தில் அதற்கும் மேல் கேட்பார்கள். பிடித்த பிறகு அடக்கி வைக்க ஆயிரம் பேருக்கு 20 வீரர் என்று ராணுவ ஆய்வுகள் அடிக்கடி சுட்டும். பத்து லட்சம் பேர் நகரத்துக்கு 20,000 வீரர்கள். முப்பது லட்சம் பேர் வாழும் தலைநகரை ஒரே பட்டாலியன் (500–800 பேர்) ‘கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்தது’ என்று படித்தால் பென்சிலை எடுத்து ஓரத்தில் ஒரு கேள்விக்குறி போடலாம்.

சிறிய படை மிரட்டியே பெரிய படையைச் சரணடைய வைக்கிறது. இது சினிமாத்தனம் இல்லையா?

சிங்கப்பூரைப் பாருங்கள். 1942 பிப்ரவரி 8 இரவு யமஷிதாவின் ஜப்பானியப் படை ஜொகூர் நீரிணையைக் கடந்தது. ஒரே வாரத்தில், பிப்ரவரி 15 அன்று, புக்கிட் தீமாவில் உள்ள ஃபோர்டு தொழிற்சாலையில் பிரிட்டிஷ் தளபதி பெர்சிவல் சரணடைந்தார். தாக்கியவர்கள் முப்பதாயிரத்தை ஒட்டி, தீவில் இருந்த பிரிட்டிஷ் தரப்பு ஏறத்தாழ 85,000. யமஷிதாவிடம் வெடிமருந்து தீர்ந்துகொண்டிருந்தது. அதை மறைக்கத்தான் குண்டுமழையைக் குறைக்காமல் ‘உடனே பதில் சொல்’ என்று நெருக்கினார். எதிர்ப்பக்கத்தில் குண்டடியால் குழாய்கள் உடைந்து குடிநீர் ஒழுகிப் போய்க்கொண்டிருந்தது. அகதிகளால் பிதுங்கிய நகரத்தில் ஓரிரு நாளில் தண்ணீரே இருக்காது என்ற நிலை.

பீரங்கிகள் கடலைப் பார்த்தே நின்றதால் தோற்றார்கள் என்று கதைகளில் வருவது பாதிதான் சரி. பெரிய பீரங்கிகளில் சிலவற்றை நிலத்தின் பக்கம் திருப்ப முடிந்தது, சுடவும் சுட்டார்கள். கப்பல் கவசத்தைத் துளைப்பதற்கான குண்டுகளே கைவசம் அதிகம் இருந்தன. அவை மண்ணில் ஆழப் புதைந்து வெடித்ததால் காலாட்படைக்கு அதிகச் சேதமில்லை. இந்த இரண்டாம் பாதியைச் சொல்லும் நாவலாசிரியர் உழைத்துப் படித்தவர் என்று நம்பலாம்.

துப்பாக்கி, குண்டு விவரங்களில் எதைச் சரிபார்க்கலாம்? நமக்கு ராணுவ அறிவு கிடையாதே.

ராணுவ அறிவு வேண்டாம், பெருக்கல் வகுத்தல் போதும்.

கலாஷ்னிகோவ் துப்பாக்கி நிமிடத்துக்கு 600 தோட்டா சுடும். மேகசினில், அதாவது துப்பாக்கியில் மாட்டும் தோட்டாப் பெட்டியில், 30. விசையை அழுத்திப் பிடித்தால் மூன்றே வினாடி. ஏழு மேகசின் சுமந்தவரிடம் இருப்பது மொத்தம் 21 வினாடிச் சுடுதல். நான்கு பக்கத்துக்கு நாயகன் ‘விடாமல் சுட்டுக்கொண்டே’ போனால் மேகசின் மாற்றும் காட்சி எத்தனை முறை வந்தது என்று எண்ணிப் பாருங்கள்.

ஸ்னைப்பர் காட்சியில் ‘சத்தம் கேட்டுத் தலையைத் திருப்பினான், குண்டு பாய்ந்தது’ என்று இருந்தால் தவறு. தோட்டா ஒலியை முந்தும். 600 மீட்டர் தொலைவில் தோட்டா வர ஒரு வினாடிக்குக் கொஞ்சம் குறைவு, துப்பாக்கிச் சத்தம் வர ஒன்றேமுக்கால் வினாடி. சுடப்பட்டவர் அந்த வெடிச்சத்தத்தைக் கேட்பதற்குள் குண்டு பாய்ந்திருக்கும்.

சிறிய அறைக்குள்ளிருந்து ஆர்பிஜி சுடுவது இன்னொரு பிரபலமான பிழை. குழாயின் பின்பக்கமிருந்து பீறிடும் தீயும் அழுத்தமும் சுவரில் மோதித் திரும்பும், சுட்டவருக்கே ஆபத்து. பின்னால் திறந்த கதவோ, இடிந்த சுவரோ, பெரிய கூடமோ இருந்ததாக ஒரு வரி சேர்த்திருந்தால் அவர் விவரம் தெரிந்தவர். என்லா, ஜாவலின் போன்ற புதிய ஏவுகணைகள் மெதுவாக வெளியேறிப் பிறகு பற்றிக்கொள்ளும்படி அமைந்தவை, அவற்றை அறைக்குள்ளிருந்து சுடலாம்.

வெப்பக் கேமரா சுவருக்குப் பின்னால் இருக்கும் ஆளைக் காட்டாது. சாதாரண ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவரைக்கூடக் காட்டாது, கண்ணாடியின் வெப்பத்தைத்தான் காட்டும். இந்த ஒரு பிழை எத்தனை நாவல்களில் வந்தாலும் அலுக்காமல் மறுபடி வருகிறது.

குடிமக்கள் பகுதி இழுவை, சண்டைக்கு நேராகப் போயிருக்கலாம் என்கிறார்களே?

இந்தக் கருத்தோடு எங்களுக்கு ஒத்துப்போக முடியவில்லை. நகரம் வெறும் அட்டைச் செட் என்றால் அங்கே நடக்கும் சண்டைக்குப் பாலைவனமே போதுமே. நல்ல நாவலையும் சுமாரான நாவலையும் பிரிப்பது தண்ணீர், ரொட்டி, மாடிப்படி ஆகிய மூன்றும்தான்.

தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். மனிதாபிமான உதவிக்கான ஸ்பியர் தரநிலை குடிக்க, சமைக்க, கழுவ என எல்லாவற்றுக்கும் சேர்த்து ஆளுக்கு நாளொன்றுக்கு 15 லிட்டர் குறைந்தபட்சம் என்கிறது. பத்து லட்சம் பேருக்கு ஒன்றரைக் கோடி லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் கொண்டுவந்தால் 1,250 நடை. மின்சாரம் போனால் மோட்டார் நிற்கும், அடுக்குமாடிக்குத் தண்ணீர் ஏறாது, லிஃப்டும் ஓடாது. எட்டாம் மாடியில் நால்வர் குடும்பம் என்றால் 60 லிட்டர், அதாவது 15 லிட்டர் வாளியில் நான்கு நடை. மாடிக்கு இருபது படி என்றால் ஒரு நடைக்கு 160, நாலு நடைக்கு 640 படி, கையில் 15 கிலோ எடையோடு. அந்த வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருந்தால் அத்தியாயமே எழுதிக்கொண்டுவிடும். 1990களில் முற்றுகைக்கு ஆளான பொஸ்னியத் தலைநகர் சரயேவோவில் மக்கள் மதுபான ஆலையின் ஊற்றுநீருக்கு வரிசையில் நின்றார்கள். அந்த வரிசையின்மீதும் குண்டு விழுந்தது.

ரொட்டி. 872 நாள் நீண்ட லெனின்கிராடு முற்றுகையில், 1941 நவம்பர் 20 முதல் டிசம்பர் 25 வரை தொழிலாளிக்கு 250 கிராம், வேலையில் இல்லாதவருக்கும் குழந்தைக்கும் 125 கிராம். அதிலும் மாவோடு மரக்கூழ் முதலிய கலப்படம் இருந்ததால் ரொட்டி கனத்து, துண்டு உள்ளங்கைக்குள் அடங்கியது. வானொலியில் நிகழ்ச்சி இல்லாத நேரத்தில் மெட்ரோனோம் என்னும் தாளக் கருவி ஒலிக்கும். மெதுவாகத் தட்டினால் அமைதி, வேகமாகத் தட்டினால் விமானத் தாக்குதல். இப்படி ஒரு விவரம் பத்துப் பக்கத் துப்பாக்கிச் சண்டையைவிட அதிக நேரம் மனதில் நிற்கும்.

படைக்கான உணவு, வெடிமருந்து வழங்கலைச் சொல்லாமல் தவிர்க்கும் நாவலில் படை காற்றைக் குடித்து வாழ்கிறது. ஸ்டாலின்கிராட்டில் சுற்றி வளைக்கப்பட்ட ஜெர்மன் 6ஆவது ராணுவத்துக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 300 டன் தேவைப்பட்டது. விமானம் வழியே சராசரியாக வந்தது நூற்றுச் சொச்சம் டன். மீதிக் கதையை அந்த வித்தியாசமே எழுதியது.

சாக்கடை வழியாகத் தப்பிப்பது, சுரங்கம் தோண்டுவது எல்லாம் நடக்கிற காரியமா?

நடந்தவை. போலந்துத் தலைநகரில் ஜெர்மானியருக்கு எதிராக நடந்த 1944 வார்சா எழுச்சியில், செப்டம்பர் தொடக்கத்தில், பழைய நகரப் பகுதியிலிருந்து ஆயிரக்கணக்கானோர் கழிவுநீர்க் குழாய் வழியே நகர மையத்துக்குப் போனார்கள். இரண்டு கிலோமீட்டர்கூட இல்லாத தூரத்துக்குப் பல மணி நேரம் ஆனது. குனிந்தும் தவழ்ந்தும், முன்னால் போகிறவரைப் பிடித்தபடி, விளக்கும் பேச்சும் இல்லாமல். மேலே ஆள்நுழைவு மூடியைத் திறந்து ஜெர்மானியர் குண்டு எறிந்தார்கள். நாவலில் நாயகன் சாக்கடையில் ஓடினால் நம்பாதீர்கள், தவழ்ந்தால் நம்புங்கள்.

சரயேவோவில் விமான ஓடுதளத்துக்கு அடியில் 1993 நடுவில் முடிந்த சுரங்கம் சுமார் 800 மீட்டர் நீளம், உயரம் ஒன்றரை மீட்டருக்குச் சற்று மேல். நிமிர்ந்து நடக்க முடியாது. மழையில் தண்ணீர் நிற்கும்.

ஒரு பையில் வெடிமருந்து கொண்டுபோய்ப் பெரிய பாலத்தைத் தகர்ப்பது?

ரைன் நதியின் ரெமாகன் பாலத்தைத் தகர்க்க ஜெர்மன் பொறியாளர்கள் கேட்டது 600 கிலோ, வந்தது 300 கிலோ, அதுவும் வீரியம் குறைந்த சுரங்க வெடி. 1945 மார்ச் 7 அன்று வெடித்தபோது பாலம் கொஞ்சம் தூக்கிப்போட்டு மறுபடி அமர்ந்தது. அமெரிக்கர்கள் ஓடியே கடந்தார்கள். பத்து நாள் கழித்துத் தானாக விழுந்தது. பை போதாது.

நாயகன் எதிரிச் சீருடை போட்டுக்கொண்டு உள்ளே நுழைகிறான். சட்டப்படி சரியா?

ஜெனீவா ஒப்பந்தங்களுக்கான 1977ஆம் ஆண்டின் முதல் கூடுதல் நெறிமுறை, தாக்கும்போது எதிரிச் சீருடை அணிவதைத் தடை செய்கிறது. பிடிபட்டால் போர்க்கைதிக்குரிய பாதுகாப்பும் கைநழுவலாம். 1944 டிசம்பரில் அமெரிக்கச் சீருடையில் பிடிபட்ட, ஜெர்மன் அதிகாரி ஸ்கோர்செனியின் ஆட்களில் சிலரை அமெரிக்கர்கள் சுட்டுக் கொன்றார்கள். அந்தச் சீருடையில் சண்டையிட்டது நிரூபிக்கப்படாததால் 1947இல் ஸ்கோர்செனி விடுதலையானார். இந்த அபாயம் நாயகனுக்குத் தெரிந்திருந்தால் காட்சிக்குப் பதற்றம் கூடும்.

ட்ரோன் இல்லாத நாவல் பழசாகிவிட்டதா?

வெளியான ஆண்டைப் பார்த்துவிட்டுப் படியுங்கள், அவ்வளவுதான். 2022க்குப் பிறகு நடப்பதாக எழுதிவிட்டு வானத்தில் எதுவும் பறக்கவில்லை என்றால் குறை சொல்லலாம். 1990களில் நடக்கும் கதையில் அதைத் தேடுவது நியாயமில்லை.

பட்டாலியன், பிரிகேட், டிவிஷன் எல்லாம் குழப்புகிறது. எளிதாக நினைவில் வைக்க வழி உண்டா?

ஆள் எண்ணிக்கையாக வையுங்கள். செக்ஷன் 8–10 பேர், பிளட்டூன் சுமார் 30, கம்பெனி 100–150, பட்டாலியன் 500–800, பிரிகேட் 3,000–5,000, டிவிஷன் பத்தாயிரத்துக்கு மேல். நாட்டுக்கு நாடு மாறும், ஆனாலும் படிக்க இது போதும். ஒரு கட்டடத்தைப் பிடிக்கப் பிளட்டூன், ஒரு தெருவைப் பிடிக்கக் கம்பெனி என்று மனதில் ஒரு அளவுகோல் இருந்தால் சண்டையின் பருமன் பிடிபடும். நீண்ட போரில் பெயர் மட்டும் டிவிஷனாக இருக்கும், ஆள் சில நூறுதான் மிஞ்சியிருப்பார்கள். ஸ்டாலின்கிராட்டில் இது சாதாரணம்.

தமிழ் மொழிபெயர்ப்பில் படித்தேன், பாதி புரியவில்லை. என்ன கோளாறு?

பெரும்பாலும் சொல் கோளாறு. ‘நிறுவனம் ஆற்றைக் கடந்தது’ என்று வந்தால் அது வியாபாரக் கம்பெனி அல்ல, நூற்றிருபது வீரர்கள். ‘அவன் பத்திரிகையை மாற்றினான்’ என்றால் மேகசினை. ‘தொட்டி வெடித்தது’ என்றால் டாங்கி. செக்ஷனுக்கும் ‘பிரிவு’, டிவிஷனுக்கும் ‘பிரிவு’ என்று போட்டுவிட்டால் பத்துப் பேர் செய்ததையும் பத்தாயிரம் பேர் செய்ததையும் பிரிக்க முடியாது. அகராதித் தமிழைத் தேடுவதைவிட கம்பெனி, மேகசின், டாங்கி என்றே எழுதிவிடலாம்.

போரை அன்றாடம் பார்த்த தமிழ் இருக்கிறதே, ஈழத்து எழுத்தில்: செல்லடி, பங்கர், இடப்பெயர்வு. ‘எறிகணை வீச்சு நிகழ்ந்தது’ என்பதற்கும் ‘செல் விழுந்தது’ என்பதற்கும் உள்ள தூரம் மொழிபெயர்ப்பாளருக்குத் தெரிய வேண்டும்.

எதிரிகள் எல்லாம் முட்டாள்கள், நம் ஆட்கள் எல்லாம் வீரர்கள். இதைக் குறையாகச் சொல்வது அரசியலா?

கைவினைக் குறைதான். எதிரித் தளபதி மடையன் என்றால் அவனை வெல்வதில் பதற்றம் எங்கிருந்து வரும்? யமஷிதாவின் பையில் குண்டு தீர்ந்தது வாசகருக்குத் தெரிந்து பெர்சிவலுக்குத் தெரியாமல் இருக்கும்போதுதான் பக்கம் புரளும். விமர்சனத்தில் ‘ஒருதலைப்பட்சம்’ என்று ஒற்றைச் சொல்லில் முடிக்காமல், எந்தக் காட்சியில் எதிரி செய்திருக்கக்கூடிய சாதாரண காரியத்தைச் செய்யவில்லை என்று காட்டுங்கள்.

நானும் கருத்து எழுத நினைக்கிறேன். எதைச் சேர்க்க வேண்டும், எதை விட வேண்டும்?

எந்த நகரம், எந்தக் காலம், எத்தனை கதாபாத்திரங்களின் பார்வையில் கதை போகிறது, வரைபடம் உண்டா, சித்திரவதைக் காட்சிகள் எவ்வளவு. முதல் மூன்று வரியில் இவை வந்துவிட்டால் படிப்பவருக்கு முடிவெடுக்க எளிது. பாராட்டானாலும் குறையானாலும் ஒரு காட்சியையாவது சுட்டுங்கள். நகரம் விழுகிறதா, மீள்கிறதா என்பதைச் சொல்லாதீர்கள். முதல் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டிய எந்தச் சாவையும் சொல்லாதீர்கள். பாதியில் நிறுத்தியிருந்தால் எந்தப் பக்கத்தில் என்று எழுதிவிட்டு நட்சத்திரம் தராமல் விடுவது நாணயம்.

புத்தகத்தில் வரைபடமே இல்லை. எப்படித் தொடர்வது?

நிஜ நகரம் என்றால் அலைபேசியில் அதன் வரைபடத்தைத் திறந்து நதி, பாலங்கள், ரயில் நிலையம், உயரமான மேடு ஆகிய நான்கை மட்டும் ஒரு தாளில் வரைந்து புத்தகத்துக்குள் வையுங்கள். ஸ்டாலின்கிராடு என்றால் வோல்கா, படகுத்துறை, தொழிற்சாலைகள், மமாயெவ் குன்று. அத்தியாயம் முடியும்போது யார் எங்கே என்று பென்சிலில் ஒரு புள்ளி. கற்பனை நகரம் என்றாலும் இதையே செய்யலாம். ஐந்தாவது அத்தியாயத்தில் கிழக்கே இருந்த பாலம் பன்னிரண்டாவதில் மேற்கே போய்விட்டால் உங்கள் தாள் காட்டிக்கொடுத்துவிடும்.